டெல்டா கிராமத்தில் பேசிப் பழகுவது எப்படி? புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் 33 வருடம் உதவி வேளாண்மை அலுவலராக வேலை பார்த்தேன். ஊரில் யாரும் அந்தப் பதவிப் பெயரைச் சொன்னதில்லை, ‘அக்ரி சார்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஓய்வு பெற்ற பிறகும் புதிதாக வேலையில் சேர்ந்த பிள்ளைகள் போன் செய்கிறார்கள். வேளாண்மைத் துறைக்காரர்கள் மட்டுமில்லை, கிராம சுகாதாரச் செவிலியர், கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்தவர், ஆய்வுக்கு வந்த கல்லூரி மாணவர் என்று பலரும் பேசுகிறார்கள். பயிரைப் பற்றி அவர்கள் அதிகம் கேட்பதில்லை. “ஊர்க்காரங்க எங்கிட்ட மனசு விட்டுப் பேச மாட்டேங்கறாங்க சார்” என்பதுதான் பொதுவான குறை. அடிக்கடி வரும் கேள்விகளையும், நான் பட்டுத் தெரிந்துகொண்ட பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் நாள் ஊருக்குள் போகிறேன். பேச்சை எதில் தொடங்குவது?

தண்ணீரில் தொடங்குங்கள். துறை, திட்டம், மானியம் எல்லாம் அப்புறம் வரட்டும்.

மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12 என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இரண்டு வருடத்தையும் பற்றி ஒரு விவசாயியிடம் கேட்டுப் பாருங்கள். எப்போது நாற்று விட்டார், குறுவையை (ஜூனில் தொடங்கும் குறுகிய கால நெல்) விட்டுவிட்டு சம்பா (அதற்கடுத்து வரும் நீண்ட கால நெல்) மட்டும் போட்டாரா, வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்று என்ன கிழமை என்பது வரைக்கும் சொல்வார்.

ஆனால் “தண்ணி வந்துட்டுதா?” என்று பொத்தாம் பொதுவாகக் கேட்காதீர்கள். மேட்டூரில் திறந்த தண்ணீர் மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வருகிறது. அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது, வெள்ளக் காலத்து உபரி கொள்ளிடத்தில் போகிறது. காவிரியிலிருந்து குடமுருட்டியும் அரசலாறும் கிளைக்கின்றன. வெண்ணாறு நீடாமங்கலம் பக்கத்தில் மூணாறு தலைப்பில் (தண்ணீரைப் பிரித்துவிடும் இடம்) பாமணியாறு, கோரையாறு என்று மறுபடி பிரிகிறது. திருவையாற்றுக்காரருக்கு வாய்க்கால் நிறைந்து ஓடும்போது தலைஞாயிற்றிலும் வேதாரண்யம் பக்கத்திலும் வாய்க்கால் காய்ந்து வெடித்துக் கிடக்கும். கடைமடையில், அதாவது தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடத்தில் நின்று “தண்ணி வந்துட்டுதா?” என்று சும்மா பேச்சுக்குக் கேட்டால் அது அவர் புண்ணைத் தொடுகிற கேள்வி.

அதனால் ஊருக்குள் போகும் முன் வண்டியை நிறுத்திவிட்டு அந்த ஊர் வாய்க்காலை ஒரு தடவை நீங்களே எட்டிப் பாருங்கள். பிறகு டீக்கடையில் உட்கார்ந்து, “மதகு வரைக்கும் வந்த தண்ணி இந்தப் பக்கம் ஏறலையே, முறை வைக்கிறாங்களா?” என்று கேளுங்கள். (முறை என்றால் நாள் பிரித்து மாற்றி மாற்றித் தண்ணீர் விடுவது.) பார்த்துவிட்டுக் கேட்கிறவர் என்று அவர்களுக்கு உடனே புரிந்துவிடும். எந்த ஆற்றுப் பாசனம், எந்த வாய்க்கால், தலைப்பு எங்கே, ஷட்டர் எந்த வருடம் உடைந்தது என்று அவர்களே சொல்லிக்கொண்டு போவார்கள். முதல் நாளுக்கு அது போதும். உங்கள் படிவத்தைப் பையிலிருந்து எடுக்காமலே திரும்பி வாருங்கள்.

என்னைப் பற்றித்தான் அதிகம் விசாரிக்கிறார்கள். சொந்த ஊர், கல்யாணம், சம்பளம்... எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமா?

சம்பளத்தை வேண்டுமானால் சிரித்துத் தள்ளிவிடுங்கள். மற்றதைச் சொல்லுங்கள். அவர்களுடைய நிலம், கடன், உடம்பு, பிள்ளைகள் படிப்பு எல்லாவற்றையும் நாளைக்கு நீங்கள் கேட்கப் போகிறீர்கள். உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் அவர்களிடம் எல்லாவற்றையும் கேட்பது என்ன நியாயம்? அம்மாவுக்கு முழங்கால் வலி, தங்கைக்கு வரன் பார்க்கிறோம், எங்கள் ஊரில் மானாவாரி கடலைதான், இப்படி உண்மையான விஷயம் ஒன்றிரண்டு சொன்னால் போதும். அடுத்த முறை போகும்போது “அம்மாவுக்கு இப்ப தேவலையா?” என்று கேட்பார்கள்.

“எந்தூரு?” என்ற கேள்விக்குப் பின்னால் “எந்தத் தெரு?” என்று ஒன்று வரும். டெல்டாவில் தெரு என்றால் பல சமயம் சாதி. அதற்கு நான் கடைசி வரை ஒரே பதில்தான் வைத்திருந்தேன்: “எல்லாத் தெருவுக்கும் வர்ற ஆளுங்க நான்.” கோபப்படாமல், முகம் சுளிக்காமல் சொன்னால் போதும். இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு கேட்பதை விட்டுவிடுவார்கள்.

பெரியவர்களை எப்படிக் கூப்பிடுவது? எல்லாரையும் ‘அண்ணே’ என்று சொல்லலாமா?

வயதுக்குத் தக்கபடி ஐயா, அண்ணே, அக்கா, பெரியம்மா, தம்பி. இதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு தெருவில் ‘ஐயா’ என்றும் இன்னொரு தெருவில் ‘என்னப்பா’ என்றும் நாக்கு மாறக் கூடாது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் புதியவர்கள் தெரியாமல் தவறுகிற இடம் இதுதான்.

பண்ணையாள் முறை, அதாவது நிலக்காரர் வீட்டோடு கட்டுண்டு தலைமுறையாக வேலை பார்க்கும் முறை, இருந்த மண் இது. பண்ணையாட்களுக்கும் குத்தகைதாரர்களுக்கும் பாதுகாப்பாக 1952-இல் தஞ்சைக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த கீழ்வெண்மணியில், ஒரு குடிசைக்குள் ஒளிந்த விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அந்தக் காலத்தில் நரைத்த தலைக்காரரைப் பண்ணை வீட்டுப் பத்து வயதுப் பையன் பேர் சொல்லி, ‘டா’ போட்டுக் கூப்பிடுவான். அப்படிக் கூப்பிடப்பட்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இன்றைக்கும் ஊரில் இருக்கிறார்கள். நீங்கள் வாயைத் திறந்ததும் எந்தச் சொல் வருகிறது என்று அவர்கள் காது கவனிக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரிய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் வேலை பார்த்த முதியவர் இளநீர் வெட்டிக் கொண்டுவந்தார். வீட்டுக்காரர் கூப்பிட்ட மாதிரியே நானும் அவரைப் பேர் சொல்லி, “இன்னொன்னு வெட்டு” என்றேன். என் அப்பா வயது அவருக்கு. மறுவாரம் அவர் தெருவில் மண் மாதிரி எடுக்கப் போனபோது ஒருவரும் வெளியே வரவில்லை. காரணம் புரிய எனக்கு நெடுநாள் ஆனது. அன்றிலிருந்து யாராக இருந்தாலும், யார் வீட்டு வாசலாக இருந்தாலும், ‘வாங்க, போங்க’தான்.

எதைக் கேட்கவே கூடாது?

கேட்கவே கூடாது என்று எதுவும் இல்லை. முதல் மாதத்தில் கேட்கக் கூடாதவை உண்டு.

“இது உங்க சொந்த நிலமா?” என்பது அதில் முதலாவது. கோயில் நிலம், மடத்து நிலம், வெளியூரில் இருப்பவர் நிலம் என்று குத்தகைச் சாகுபடி இங்கே நிறைய. பல குத்தகை வாய்ப்பேச்சில் நடக்கிறது, காகிதத்தில் இருக்காது. நீங்கள் கேட்டதும், எங்கேயோ எழுதிப் போட்டு நிலத்தைப் பிடுங்கிவிடுவார்களோ என்ற பயம் வந்துவிடும். “இங்க நீங்கதான் சாகுபடியா?” என்று கேளுங்கள். மிச்சத்தை அவர் சொல்கிற அன்றைக்குச் சொல்லட்டும்.

அடுத்தது கண்டுமுதல், அதாவது அறுவடையில் கிடைத்த நெல்லின் அளவு. “மாவுக்கு எத்தனை மூட்டை கண்டுது?” என்று அறுவடைக் களத்தில் நாலு பேர் முன்னால் கேட்டால் குறைத்துத்தான் சொல்வார். அதைப் பொய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கடன்காரர் காதில் விழும், பங்காளி காதில் விழும், கண்ணும் படும். தனியாக நடக்கும்போது கேளுங்கள். கணக்கையும் அவர்கள் அளவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மா ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி. தனியார் வியாபாரியிடம் பேசும்போது மூட்டை என்றால் பெரும்பாலும் 60 கிலோ, அரசு நெல் வாங்கும் நேரடி கொள்முதல் நிலையத்தில் சிப்பம் 40 கிலோ. ஹெக்டேர், டன் என்று நீங்கள் பேசினால் தலையை ஆட்டுவார், மனதுக்குள் பேச்சு முடிந்திருக்கும்.

பயிரைப் பாராட்டும்போதும் கவனம் வேண்டும். “அடேயப்பா, என்ன விளைச்சல்!” என்று வயலைப் பார்த்துக் கூவக் கூடாது. “பயிர் தெளிவா இருக்கு” என்றால் போதும். வெளியே கிளம்புகிறவரைப் பார்த்து “எங்க போறீங்க?” என்று கேட்காதீர்கள், “தூரமா?” என்று கேளுங்கள்.

அவர்கள் கேட்பதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னால் மரியாதை போய்விடாதா?

போகாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னால் போய்விடும். எனக்குப் போயிருக்கிறது.

ஒரு சம்பா பருவம். கீழ்வேளூர் பக்கம் ஒருவர் வயலில் நட்டு மூன்று வாரமான பயிர் திட்டுத் திட்டாக வளராமல் நின்றது. இலையில் துரு மாதிரி பழுப்புப் புள்ளிகள். எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு, “யூரியா பத்தலை, ஒரு கை தூவுங்க” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துவிட்டேன். அது துத்தநாகக் குறைபாடு. நெல் தொடர்ந்து போடுகிற, தண்ணீர் தேங்கி நிற்கிற நம் நிலங்களில் அடிக்கடி வருவதுதான். ஏக்கருக்கு 10 கிலோ சிங்க் சல்பேட்டை மணலோடு கலந்து போட்டிருந்தால் தேறியிருக்கும். யூரியா போட்டுப் பணம் போனது, பயிர் நிமிரவில்லை.

அவர் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதன் பிறகு எப்போது போனாலும் “வாங்க சார், உக்காருங்க” என்பார், மோர் வரும், பேச்சு வராது. இரண்டு வருடம் அப்படியே போனது. ஒருநாள் அவர் களத்தில் ஆறேழு பேர் இருக்கும்போது, “அன்னைக்கு எனக்குத் தெரியலைங்க, தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். உங்களுக்கு நஷ்டம் ஆயிடுச்சு” என்று சொன்னேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, “அது எனக்கு அப்பவே தெரியும் சார். சொல்லுவீங்களான்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்” என்றார். அன்றைக்குத்தான் முதல்முறையாக என்னை வயல் கோடி வரைக்கும் கூட்டிப்போனார்.

“தெரியலை, கேட்டுட்டு வந்து சொல்றேன்” என்பது நல்ல பதில். ஆனால் வந்து சொல்ல வேண்டும். 1980-களில் பயிற்சியும் பார்வையிடலும் என்று ஒரு முறை இருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, குறித்த கிழமையில், குறித்த ஊருக்கு நாங்கள் போயாக வேண்டும். அதில் குறைகள் இருந்தன. ஆனாலும் அந்த ஒரு விஷயத்துக்காக அதை நான் மதிக்கிறேன். எந்த நாள் வருவோம் என்று ஊருக்குத் தெரியும். மழையில் நனைந்துகொண்டு போய் நின்றாலும், “இன்னைக்கி செவ்வாக்கிழமைல்ல, வந்துருவாருன்னு சொன்னேன்ல” என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்வார். பதில் கிடைக்காத வாரத்தில்கூடப் போய், “ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்துல கேட்டிருக்கேன், இன்னும் பதில் வரலை” என்று சொல்லிவிட்டு வருவேன். பதிலைவிட அந்த வருகைதான் அவர்களுக்குப் பெரிதாகப் பட்டது.

திட்டப் பலன் கண்டிப்பாகக் கிடைக்கும் என்று தைரியம் சொல்லலாமா?

உங்கள் கையில் இல்லாததைச் சொல்லாதீர்கள். பயிர்க் காப்பீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சம்பாவுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். ஆள் சேர்க்கும் அவசரத்தில் “கட்டுங்க, விளையலைன்னா பணம் வந்துரும்” என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் இழப்பீடு பெரும்பாலும் தனி ஒருவர் வயலை மட்டும் பார்த்து வருவதில்லை. வருவாய்க் கிராமத்தில் பயிர் அறுவடைப் பரிசோதனை நடத்தி, அதாவது சில வயல்களில் அறுத்து எடைபோட்டுப் பார்த்து, கிடைத்த சராசரி மகசூலை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஒருவர் வயலில் மட்டும் விளைச்சல் குறைந்தாலும் கிராமத்துச் சராசரி நன்றாக இருந்தால் அவருக்கு வராமல் போகலாம். பக்கத்துக் கிராமத்துக்கு வந்து இந்தக் கிராமத்துக்கு வராமலும் போகும். இதைக் கட்டும் முன்பே சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு ஒன்றிரண்டு பேர் கட்டாமல் போனாலும் பரவாயில்லை. பணம் வராத வருடத்தில், “அவர் மொதல்லயே சொன்னாருப்பா” என்று உங்களுக்காகப் பேச ஊரில் நாலு பேர் இருப்பார்கள்.

போகிற வீட்டிலெல்லாம் டீ கொடுக்கிறார்கள். எனக்குச் சர்க்கரை இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லலாமா?

டீ வேண்டாம் என்று சொல்லலாம், “தண்ணி கொடுங்க” என்று நீங்களே கேட்டு வாங்கிக் குடியுங்கள். எல்லாத் தெருவிலும் குடியுங்கள். ஒரு தெருவில் குடித்துவிட்டு இன்னொரு தெருவில் “இப்பத்தான் குடிச்சேன்” என்றால், அதற்கு என்ன அர்த்தம் என்று அவர்களுக்குத் தெரியும்.

பெண்களிடம் பேச்சுக் கொடுக்கத் தயக்கமாக இருக்கிறது.

ஆண் அலுவலர்களுக்கு இந்தத் தயக்கம் இருப்பது சரிதான். ஆனால் நடவு, களையெடுப்பு, விதை காயவைப்பது, ஆடு மாடு எல்லாம் பெண்கள் கையில்தான் நடக்கிறது, அவர்களிடம் பேசாமல் ஊரைத் தெரிந்துகொள்ள முடியாது. நடவு ஆட்கள் குனிந்து நட்டுக்கொண்டிருக்கும்போது வரப்பில் நின்று கேள்வி கேட்காதீர்கள். உங்களுக்குப் பதில் சொல்ல ஒவ்வொரு தடவையும் நிமிர வேண்டும், இடுப்பு என்னத்துக்கு ஆகும்? கரையேறி டீயோ நீராகாரமோ குடிக்கிற நேரத்துக்குப் போங்கள். தனியாக ஒருவரிடம் பேசாமல் எல்லாரிடமும் சேர்த்துப் பேசுங்கள். “எத்தனை வருஷமா நடவு?” என்று ஆரம்பித்தால் போதும். எந்த வயலில் எந்த ரகம் எப்படி வந்தது என்று நிலத்துக்காரருக்குத் தெரியாத விவரமெல்லாம் வரும். ஒரு வயலுக்கு அல்ல, ஒரு பருவத்தில் ஐம்பது வயலுக்கு இறங்கியவர்கள் அவர்கள்.

ஒருவர் இன்னொருவரைப் பற்றிக் குறை சொல்லும்போது என்ன செய்வது?

கேட்டுக்கொள்ளுங்கள், ஆமாம் போடாதீர்கள், அடுத்த வாசலுக்குக் கொண்டுபோகாதீர்கள். ராத்திரியில் மடையைத் திருப்பியவர் யார் என்று அண்ணன் தம்பிக்குள்ளேயே வெட்டுப்பழி ஆன ஊர்கள் உண்டு. “நீங்க பாத்தீங்கள்ல சார், அவன் வயல்ல தண்ணி நின்னுச்சுல்ல?” என்று உங்களைச் சாட்சிக்கு இழுப்பார்கள். “நான் உங்க பயிரைப் பாக்கத்தான் வந்தேன்” என்று சொல்லி வயலில் இறங்கிவிடுங்கள். இங்கே கேட்டதை நீங்கள் அங்கே சொல்லவில்லை என்பது ஒரு பருவத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அவர்கள் உங்களிடம் சொல்கிற விஷயங்களே வேறாக இருக்கும்.

பேசும்போது குறிப்பு எடுக்கலாமா? படம்?

கேட்டுவிட்டு எடுங்கள், எழுதியதை வாசித்தும் காட்டுங்கள். மீத்தேன், ஹைட்ரோகார்பன் திட்டங்களை எதிர்த்து வருடக்கணக்கில் போராடிய ஊர்கள் இவை. 2020-இல் அப்படிப்பட்ட புதுத் திட்டங்களைத் தடுக்கப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்த பிறகும், முன்பின் தெரியாத ஒருவர் வயலில் நின்று போனில் படம் எடுத்தால் பத்து பேர் கூடிவிடுவார்கள். அவர்கள் கூடுவது நியாயம்தான்.

எனக்கு இயல்பிலேயே கூச்சம். கலகலப்பாகப் பேச வராது.

வேண்டாமே. அதிகம் பேசுகிற அதிகாரிகளை அவர்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள். போன முறை சொன்னதை நினைவு வைத்துக் கேளுங்கள். “பேத்திக்கு நாகப்பட்டினத்துல காலேஜ் கெடைச்சுதா?” இந்த ஒரு கேள்விக்குக் கலகலப்பு தேவையில்லை. நான் வீட்டுக்கு வந்ததும் ராத்திரி நோட்டில் எழுதி வைப்பேன்.

ஊரே கோபத்தில் இருக்கிறது. அப்போது போகலாமா?

போக வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, முத்துப்பேட்டை எங்கும் தென்னை வேரோடு சாய்ந்து கிடந்தது. கணக்கெடுக்கப் போன எங்களை ரோட்டிலேயே மறித்தார்கள். என்னோடு வந்த இளைஞர் அரசாங்க நடைமுறையை விளக்க ஆரம்பித்தார். அவர் சொன்னது அத்தனையும் சரி, ஆனால் அது அதற்கான நேரமில்லை. நான் அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, ஒரு பெரியவர் தோப்புக்குள் போனபோது பின்னாலேயே போனேன். “இது எப்ப வச்சது?” என்று கேட்டேன். மூத்த மகள் பிறந்த வருடம் என்றார். அடுத்த மரம், அதற்கடுத்த மரம் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தார். புதுக் கன்று வைத்தால் காய்ப்புக்கு வர ஐந்தாறு வருடம் ஆகும், அவருக்கு வயது எழுபதுக்கு மேல். ஆறுதல் என்று நான் எதுவும் சொல்லவில்லை, சொல்ல வரவும் இல்லை. ஒரு மணி நேரம் கழித்து, “சரி, எழுதுங்க” என்றார்.

வாட்ஸ்அப் குழு இருக்கும்போது நேரில் போவது அவசியமா?

கொள்முதல் நிலையம் என்றைக்குத் திறக்கிறார்கள், உரம் வந்துவிட்டதா போன்ற சேதிக்குக் குழு நல்லது. 17 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் என்று நெல்லைத் திருப்பி அனுப்பி, மழை இருட்டிக்கொண்டு நிற்கும்போது சாக்குப் பக்கத்தில் படுத்திருப்பவருக்கு வாட்ஸ்அப்பில் என்ன அனுப்புவீர்கள்? நேரில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

துக்க வீட்டுக்குப் போக வேண்டுமா? அங்கே என்ன பேசுவது?

பழகிய வீடு என்றால் கட்டாயம் போங்கள். கையில் நோட்டு, கழுத்தில் அடையாள அட்டை வேண்டாம். அங்கே போய் இறந்தவருக்கு என்ன வியாதி என்று விசாரிக்காதீர்கள், எல்லாரும் அதைத்தான் கேட்டிருப்பார்கள். அவரோடு உங்களுக்கு இருந்த பழக்கத்தில் ஒன்றைச் சொல்லுங்கள், “நாத்தங்கால்ல நின்னுக்கிட்டு என்னை வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்தே கூப்பிடுவாரு” என்பது மாதிரி. ஒன்றும் தோன்றாவிட்டால் பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருங்கள். எழுந்து வரும்போது மட்டும் வழக்கம் போல “போயிட்டு வர்றேன்” என்று சொல்லிவிடாதீர்கள். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பும் வழக்கம் இல்லை, மெதுவாக எழுந்து வந்துவிட வேண்டும். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு ஒரு நாள் மறுபடி போங்கள். மகன் புதிதாகச் சாகுபடியைக் கையில் எடுத்திருப்பார், அவருக்குக் கேட்க நிறைய இருக்கும்.